தொட்டி மீனின் குடற்புழுவும் கொல்லாமை அறமும்

கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனின் குடலில் புழு இருப்பது தெரிந்த பின் அதை மருந்திட்டு அழிப்பது கொலையா, அழிக்காமல் விடுவது கொலையா என்ற கேள்வி, பார்வைக்குச் சிறியதாயினும், கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட இந்தியச் சமயங்களை ஒருசேர இடர்ப்படுத்தக் கூடியது. மனிதன் தன் வயிற்றுப் புழுவுக்கு மருந்துண்ணும்போது தன்னுயிரைக் காத்தல் என்னும் நியாயம் துணைக்கு வருகிறது. உழவன் பயிர்ப்பூச்சியை அழிக்கும்போது ஊருக்குச் சோறு என்னும் நியாயம் வருகிறது. தொட்டி மீன் விஷயத்தில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. மீனை வளர்ப்பவருக்கு அதனால் பசி ஆறுவதில்லை, உயிர் பிழைப்பதும் இல்லை. கண்ணுக்கு அழகென்று அடைத்துவைத்த ஓருயிருக்காக, அதனுள் வாழும் பல உயிர்களை அவர் கொல்லத் துணிகிறார். பிழைப்பு, பசி, தற்காப்பு என்னும் வழக்கமான சமாதானங்கள் எல்லாம் விலகிவிடுவதால், பெரிய எடுத்துக்காட்டுகளில் மறைந்து கிடக்கும் சில முடிச்சுகள் இச்சிறிய எடுத்துக்காட்டில் வெளிப்படையாகத் தெரிகின்றன.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் புழு, ஃபுஜிடா என்பவர் 1927இல் ஜப்பானிய மீன்களிலிருந்து விவரித்த காமலானஸ் காட்டி என்னும் உருளைப்புழு. அதாவது நாடாப்புழுவைப் போலத் தட்டையாகவும் கண்டங்கண்டமாகவும் இராமல், நூல்போல் உருண்டு நீண்ட உடலுடைய வகை. கப்பி, மோலி, பிளாட்டி முதலிய குட்டியிடும் மீன்களில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. சிப்பியின் இரு ஓடுகள் போன்ற வாய்க்கூட்டால் குடற்சுவரைக் கவ்விப் பிடித்துக் குருதியை உறிஞ்சுவதால் இதன் உடல் சிவந்திருக்கும். மீன் அசையாமல் நிற்கும் வேளையில் அதன் ஆசனத்துளையிலிருந்து இரண்டு மூன்று சிவப்பு நூல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும், மீன் வாலை அசைத்து நீந்தத் தொடங்கியவுடன் அவை உள்ளே சுருங்கிக்கொள்வதும் மீன் வளர்ப்போர் பலரும் கண்டு கலங்கிய காட்சி. பெண்புழு உயிருள்ள இளம்புழுக்களையே நீரில் ஈனுகிறது. தரையில் விழுந்து துள்ளி நெளியும் அவற்றை, வெறுங்கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் சைக்ளாப்ஸ் என்னும் நீர்வாழ் ஓட்டுயிரி இரையென்று விழுங்குகிறது. அந்தச் சைக்ளாப்ஸை மீன் தின்னும்போது புழு தன் இறுதி இருப்பிடத்தை அடைகிறது. இவ்வாறு புழு தன் இளமைப் பருவத்தை மட்டும் கழித்துச் செல்லும் உயிரை இடைநிலை ஓம்புயிர் என்பர்.

குளத்தில் இவ்வட்டம் முழுமை பெறப் பல தற்செயல்கள் கூடிவர வேண்டும். தொட்டியில் பெரும்பாலும் சைக்ளாப்ஸே இருப்பதில்லை. ஆனால் இப்புழு அதற்கும் வழி கண்டிருக்கிறது. இடைநிலை ஓம்புயிர் இல்லாதபோது இளம்புழுக்களை நேரே விழுங்கும் மீனிலேயே அது வளர வல்லது என்பதை லெவ்சன், யாகோப்சன் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு கப்பி மீன்களைக் கொண்டு காட்டியது. நெருக்கமாக அடைபட்ட மீன்கள் ஒரே தரையை நாள் முழுதும் கொத்திக்கொண்டிருக்கும் தொட்டியில் இது எவ்வளவு எளிது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இயற்கை நீர்நிலையில் பெரும்பாலான மீன்கள் சில புழுக்களோடும், சில மீன்கள் மட்டுமே பல புழுக்களோடும் வாழ்ந்து முடிப்பது ஒட்டுண்ணியியலில் பொதுவாகக் காணப்படும் பரவல். தொட்டியில் அச்சமநிலை குலைந்து, கூட்டம் முழுதும் மெலிந்து சாகும் நிலை வருகிறது. கப்பியின் குடலில் புழு வாழ்வது இயற்கையின் செயல் என்றால், அதனால் ஒரு தொட்டி மீன்களும் அழிவது தொட்டியின் செயல். இவ்வேறுபாடு பின்வரும் வாதம் முழுவதற்கும் அடிப்படை.

மருந்துகளின் செயலையும் சுருக்கமாக அறிந்துகொள்வது நலம், ஏனெனில் அறநூலார் எழுப்பும் வினாக்கள் சில அதையே சார்ந்திருக்கின்றன. பெல்ஜியத்தின் யான்சன் ஆய்வகத்தில் 1966இல் கண்டறியப்பட்ட லெவமிசோல், உருளைப்புழுவின் தசைகளில் நரம்புச் செய்தியை ஏற்கும் வாயில்களைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. தசை இறுகிப் புழு விறைத்துப்போகிறது, பிடி தளர்கிறது, குடலின் இயல்பான அசைவே அதை வெளித்தள்ளிவிடுகிறது. ஒரு லிட்டர் நீருக்கு 2 மில்லிகிராம் என்ற அளவில் கலந்து, ஒளி பட்டால் மருந்து கெடும் என்பதால் தொட்டியை மூடி, 24 மணி நேரம் வைத்திருந்து, பின்பு நீரை மாற்றித் தரையைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, இரண்டு மூன்று வாரத்தில் மீண்டும் ஒருமுறை செய்வது பரவலாகப் பின்பற்றப்படும் முறை. ஃபென்பெண்டசோல் வேறு வகையில் செயற்படுகிறது: புழுவின் உயிரணுக்களுக்குள் சட்டமாய் நிற்கும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுத்து, சர்க்கரையை உட்கொள்ளும் ஆற்றலைக் கெடுத்து, நாட்கணக்கில் பட்டினியால் சாகச் செய்கிறது. பிராசிகுவான்டெல் நாடாப்புழு, தட்டைப்புழு ஆகியவற்றின் தோலைச் சிதைப்பது. உருளைப்புழுவுக்கு அது பயன்படாது. ஆகவே ஒன்று விறைக்கச் செய்து வெளியேற்றுகிறது, ஒன்று பட்டினி போட்டுக் கொல்கிறது, ஒன்று உடலைக் கரைக்கிறது.

இக்கேள்விக்கு முதலில் தோன்றும் விடை அறிவுப் படிநிலை பற்றியது. உயிர்களை அவை பெற்றுள்ள புலன்களின் எண்ணிக்கையால் வகுப்பது தமிழருக்குத் தொல்காப்பிய மரபியலிலிருந்தே பழகிய முறை. புல்லும் மரமும் ஓரறிவு, நத்தையும் சிப்பியும் ஈரறிவு என்று அந்நூல் தொடங்கிச் செல்கிறது. சமணரின் தத்துவார்த்த சூத்திரம் இதே வகுப்பை வேறு எடுத்துக்காட்டுகளால் சொல்கையில், தொடுவுணர்வும் சுவையுணர்வும் மட்டும் உடைய ஈரறிவுயிருக்குச் சான்றாக நிறுத்துவது புழுவைத்தான். மீனோ ஐந்து புலனும் உடைய விலங்குகளின் வரிசையில் வருகிறது. புலன் மிக்க உயிரைக் கொல்வதில் தீவினை மிகும் என்று கொள்ளும் வழக்கமும் அம்மரபில் உண்டு. எனவே ஐயறிவுடைய மீனைக் காக்க ஈரறிவுடைய புழுவை அழிப்பது குறைந்த தீங்கு என்று கணக்குப் போட்டு முடித்துவிடத் தோன்றும்.

தற்கால உயிரியலும் இப்படிநிலைக்கு ஓரளவு சான்று தருவதுபோல் தோன்றுகிறது. வானவில் டிரவுட் மீனின் முகத்தில் தீங்குணரும் நரம்பு முனைகள் உண்டென்றும், உதட்டில் அமிலம் செலுத்தப்பட்ட மீன் உணவை மறுத்து உதட்டைத் தரையில் தேய்த்தது என்றும் லின் ஸ்னெடனும் உடன் ஆய்ந்தோரும் 2003இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின், மீனுக்கு வலி உண்டென்ற கருத்து வலுப்பெற்றது. பெருமூளைப் புறணி இல்லாத உயிருக்கு வலி எப்படி என்று மறுப்போரும் இன்றுவரை உள்ளனர். புழுவின் பக்கம் பார்த்தால், உருளைப்புழுக்களில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட ஒன்றில், அதன் இருபால் வடிவத்தில், நரம்பணுக்கள் 302 மட்டுமே. ஆயினும் அதுவும் சூட்டையும் நச்சையும் கண்டு விலகுகிறது. இவற்றிலிருந்து இரண்டுக்கும் வேறுபாடு உண்டென்பது பெறப்படுமே தவிர, ஒரு மீனுக்கு எத்தனை புழு ஈடு என்பது பெறப்படாது.

சமண அறநூல்களைக் கவனமாகப் படிப்பவருக்கு, அந்த ஈட்டுக் கணக்கையே அவை ஏற்பதில்லை என்பது வியப்பாக இருக்கும். ஏறக்குறையப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அமிருதசந்திரரின் புருஷார்த்த சித்தியுபாயம் என்னும் நூல், இல்லறத்தார் கொலைக்குச் சொல்லக்கூடிய காரணங்களை வரிசையாக எடுத்து மறுக்கிறது. பல சிற்றுயிர்களைக் கொன்று உண்பதைவிடப் பேருயிர் ஒன்றைக் கொல்வது மேல் என்ற வாதம் அங்கு தள்ளப்படுகிறது. பிற உயிர்களைக் கொல்லும் கொடிய உயிர் ஒன்றை அழித்தால் பல உயிர் பிழைக்கும் என்ற வாதமும் தள்ளப்படுகிறது. துன்பத்தில் துடிக்கும் உயிரை அத்துன்பம் தீரும் பொருட்டுக் கொல்லலாம் என்ற வாதத்துக்கும் அதே கதிதான். புழுவை அழித்து மீன்களைக் காப்பது இரண்டாம் வாதத்தின் கீழும், நோய் முற்றிய மீனைக் கிராம்பு எண்ணெய் கலந்த நீரில் மயக்கி முடித்துவிடுவது மூன்றாம் வாதத்தின் கீழும் நேராக வந்து விழுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதிய ஒருவர் மீன்தொட்டியைக் கண்டிருக்க வழியில்லை. ஆயினும் தொட்டி வளர்ப்போர் கையில் எடுக்கக்கூடிய இரு சமாதானங்களையும் அவர் முன்கூட்டியே அடைத்துவைத்திருக்கிறார்.

அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம், அம்மரபில் கொலை என்பது செத்த உயிர்களின் தொகையாக அளக்கப்படாமல், கொல்வோனின் உள்ளத்தில் எழும் விருப்பு வெறுப்பும் கவனக்கேடுமாக அளக்கப்படுவதே. உள்ளத்தில் நிகழ்வதைப் பாவ இம்சை என்றும், புறத்தே உயிர் நீங்குவதைத் திரவிய இம்சை என்றும் பிரிப்பர். இப்பிரிவை விளக்கச் சமணர் சொல்லும் கதையே ஒரு மீனைப் பற்றியது. கடலில் வாழும் பெருமீன் ஒன்றின் காதில் அரிசியளவே உள்ள தந்துல மீன் குடியிருக்கிறது. பெருமீன் வாய் திறந்து உறங்குகையில் உள்ளே வந்து வெளியேறும் மீன்களைப் பார்த்து, இந்த வாய் தனக்கிருந்தால் ஒன்றையும் விட்டுவைக்கமாட்டோமே என்று நாள்தோறும் நினைத்து, ஓருயிரையும் தீண்டாமலே ஏழாம் நரகம் புகுகிறது. மற்றொரு மீனின் உடலில் தங்கி வாழும் இச்சிறு மீன் தானும் ஓர் ஒட்டுண்ணி போலவே சித்திரிக்கப்படுவதும், அதன் குற்றம் உண்டதிலன்றி நினைத்ததில் வைக்கப்படுவதும் இங்கு கருதத்தக்கவை. காமலானஸ் புழுவுக்கு அத்தகைய நினைப்பு இருப்பதாகச் சொல்ல யாரும் துணியமாட்டார். உறிஞ்சுவது அதன் வாழ்வு, வஞ்சம் அதில் இல்லை.

பௌத்த விநய உரைகள் கொலை நிறைவுற ஐந்து உறுப்புகள் வேண்டும் என்கின்றன: உயிர் ஒன்று இருத்தல், அது உயிரென்று அறிந்திருத்தல், கொல்லும் எண்ணம், அதற்கான முயற்சி, முயற்சியால் சாவு. இவ்வளவுகோலை லெவமிசோலுக்குப் பொருத்திப் பார்ப்பவர், புழுவை வெளியேற்றுவதே தம் எண்ணம், சாவு அதன் பின்விளைவு மட்டுமே என்று மூன்றாம் உறுப்பை மறுக்க முயலலாம். ஃபென்பெண்டசோலுக்கு அந்த வழியும் இல்லை. அங்கே பட்டினிச் சாவே மருந்தின் முறை. ஆயினும் முதல் மருந்தைப் பற்றிய சமாதானமும் நெடுந்தூரம் செல்லாது, ஏனெனில் மீனின் குடலைத் தவிர வேறெங்கும் வளர்ந்த புழு நெடிது வாழாது என்பதை அறிந்தே வளர்ப்பவர் அதை வெளியேற்றுகிறார். பூண்டுச் சாற்றை உணவில் ஊறவைத்துக் கொடுப்போர் சிலர், அது மருந்தல்ல உணவே என்று ஆறுதல் கொள்வதும் இதைப் போன்றதே: பூண்டு வேலை செய்தால் அதுவும் புழுவைக் கொல்லத்தான் செய்யும், வேலை செய்யாவிட்டால் மீன் சாகும், கொல்பொருள் சமையலறையிலிருந்து வந்ததென்பதால் அறநிலை மாறுவதில்லை.

ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் அமர்ந்து விசுத்திமக்கத்தை எழுதிய புத்தகோசர், சாவை நினைந்து பழகும் வழிகளுள் ஒன்றாக, உடல் பலருக்கும் பொது என்னும் நினைவைச் சொல்கிறார். எண்பது குலப் புழுக்கள் இவ்வுடலிலேயே பிறந்து, மூத்து, கழித்து, இறக்கின்றன. அவற்றுக்கு இதுவே பேற்றறையும் நோயில்லமும் இடுகாடும் என்பது அவர் கருத்து. உடலைத் தனதென்று எண்ணும் செருக்கைக் குலைப்பதற்காகச் சொல்லப்பட்ட இதைப் புழுவுக்குக் குடியுரிமை வழங்கும் ஆணையாகப் படிப்பது மிகை. எனினும், நலமான உடல் என்பது வேற்றுயிர் ஒன்றும் இல்லாத உடல் என்ற இன்றைய எண்ணத்துக்கு இதில் ஒரு மறுப்பு இருக்கவே செய்கிறது. சரக சம்கிதையும் உடலோடு உடன்பிறந்து தீங்கு செய்யாத கிருமிகளை நோய்செய்யும் இருபது வகையிலிருந்து விலக்கியே வைக்கிறது. ஒன்றிரண்டு புழுவோடு கொழுத்து நீந்தும் மீனுக்கு, புழு என்ற பெயரைக் கேட்டவுடன் மாதந்தோறும் மருந்திடும் வழக்கம் அறிவியலுக்கும் ஒவ்வாதது, மருந்துக்கு மசியாத புழுக்களை வளர்த்துவிடுவதும்கூட.

இதுவரை கண்ட வாதங்கள் எல்லாம் மருந்துப் புட்டியைக் கையிலெடுக்கும் கணத்திலிருந்தே வினாவைத் தொடங்குகின்றன. உண்மையில் வினா தொடங்கும் இடம் அதற்கு மிக முன்னது. தத்துவார்த்த சூத்திரமும், சமந்தபத்திரரின் இரத்தின கரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் எழுந்த தமிழ்ச் சமண நூலாகிய அருங்கலச் செப்பும் இல்லறத்தாரின் கொல்லாமை நோன்புக்கு ஐந்து வழுக்களைக் கூறுகின்றன. வழு என்பது நோன்பு முற்றும் முறியாமல் அதில் விழும் பழுது. அவை கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன. ஏரில் பூட்டும் மாட்டையும் வண்டி இழுக்கும் எருதையும் மனத்திற்கொண்டு இவை சொல்லப்பட்டிருக்கலாம். அவ்வைந்தில் ஒன்றும் கொலையில்லை என்பதும், கட்டிவைத்தல் அதில் இடம்பெற்றிருப்பதும் மீன்தொட்டிக்கு முன் நின்று படிக்கும்போது புதுப்பொருள் தருகின்றன. குளத்து மீனுக்கு மழையும் வெள்ளமும் ஆழமும் விலகிச்செல்லும் தூரமும் இருந்தன. கண்ணாடிக்குள் வந்த பின் அவற்றின் இடத்தில் ஒரு மனிதர் நிற்கிறார். நீரின் சூடு, உணவின் அளவு, எத்தனை மீனோடு ஒன்று வாழ வேண்டும் என்பது, எந்தக் கழிவின் மேல் அது கொத்தித் தின்ன வேண்டும் என்பது எல்லாம் அவர் தீர்மானம்.

இந்நிலையில், ஓருயிரையும் கொல்லமாட்டேன் என்று மருந்தை மறுத்து ஒதுங்கிக்கொள்ளும் வளர்ப்பாளர் கொல்லாமையைக் கடைப்பிடிப்பதாகக் கொள்ள முடியாது. ஒதுங்குவதற்கு அவருக்கு ஓரிடம் இல்லை. புழு பெருகியதற்குக் காரணம் அவர் அமைத்த அடைப்பு. மீன் அப்பால் செல்ல இயலாதிருப்பதற்குக் காரணமும் அதுவே. ஆகவே அவர் செய்யாமலிருப்பதும் அந்த அடைப்புக்குள் நிகழும் ஒரு செய்கைதான். காட்டில் தவம் செய்யும் துறவி, ஓடை மீனின் நோயைக் கண்டு வாளா இருப்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது. துறவியின் வாளாவிருத்தலை இல்லறத்தான் இரவல் வாங்கி அணிந்துகொள்வதைத்தான் பெரும்பாலும் இத்தகைய இரக்க வாதங்களில் காண முடிகிறது.

திருக்குறள் இவ்வேறுபாட்டைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. கொல்லாமை என்னும் அதிகாரம் துறவறவியலில் நிற்கிறது. தன் உயிரே போவதாயினும் பிறிதோர் உயிரை நீக்கும் வினையைச் செய்யலாகாது என்னும் கடுமையான கட்டளை அங்குதான் உள்ளது. காப்பவனைப் பற்றிய செங்கோன்மை அதிகாரமோ பொருட்பாலில் நின்று, கொடியோரை வேந்தன் கொலையால் ஒறுப்பதைப் பயிருக்குக் களையெடுப்பதோடு ஒப்பிடுகிறது. துறவறத்தின் கட்டளை ஒருவன் தன் உயிரை விட்டுக்கொடுப்பது பற்றியது. மீன்தொட்டியில் விட்டுக்கொடுக்கப்படுவது வளர்ப்பவரின் உயிரல்ல, மீனின் உயிர். பிறர் பொருளைத் தானமாக எடுத்துக் கொடுப்பவனுக்கு ஈகையின் புகழ் சேராததுபோல, இதிலும் அருளின் பெயர் அவருக்குச் சேராது. காப்பாளர் என்ற முறையில் அவர் செங்கோன்மையின் பக்கமே நிற்கிறார் என்றாலும், அவ்வொப்புமையையும் முழுதாக ஏற்க முடியவில்லை. குறளின் கொடியோர் குற்றம் புரிந்தவர்கள், புழுவோ குற்றமறியாதது. தண்டனை என்ற சொல்லுக்கு இங்கு இடமே இல்லை. குற்றமற்ற ஓருயிரைக் கொல்கிறோம் என்ற தெளிவோடுதான் மருந்து கலக்கப்பட வேண்டும்.

அத்தெளிவுக்குச் சமணர் வகுத்த மற்றொரு பாகுபாடு உதவுகிறது. கொல்ல வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்யும் சங்கற்ப இம்சை, சமைத்தல் பெருக்குதல் முதலிய வீட்டு வினைகளில் நேரும் ஆரம்ப இம்சை, தொழிலில் நேரும் உத்தியோக இம்சை, தாக்குவோரை எதிர்க்கையில் நேரும் விரோத இம்சை என்று நான்காகப் பிரித்து, முதலாவதை இல்லறத்தார் அறவே விலக்க வேண்டும், ஏனையவற்றை இயன்ற மட்டும் குறைக்க வேண்டும் என்பர். குடற்புழு மருந்து இவற்றுள் எதில் அடங்கும் என்பது எளிதில் முடிவாகாது. வீட்டுப் பராமரிப்பு என்று பார்த்தால் இரண்டாவதாகும். குறிவைத்துக் கொல்வது என்று பார்த்தால் முதலாவதன் வாயிலில் நிற்கும். மீனைக் காப்பது கடமை என்பதால் அது தூய செயலாக மாறிவிடுவதில்லை. தூய்மையற்றது என்பதால் கடமை நீங்கிவிடுவதும் இல்லை. கடன் வாங்கியவன் திருப்பிக் கொடுப்பதில் புண்ணியம் தேடக்கூடாது.

நடைமுறையில் இதற்கு மிகத் தெளிவாக வழிகாட்டுவது அறநூலைவிட மருத்துவ நூல்தான். சரக சம்கிதையின் விமான தானம் ஏழாம் இயல் கிருமிச் சிகிச்சையை மூன்றாகச் சொல்கிறது: கிருமியை இழுத்து வெளியேற்றுதல், அது வளரும் சூழலைக் கெடுத்தல், அது வரக் காரணமானவற்றை விலக்குதல். லெவமிசோல் முதலாவது வகை என்று எளிதில் சொல்லிவிடலாம். மருந்துக்கடையில் கிடைப்பதும் வளர்ப்போர் தேடுவதும் அதுவே. மற்ற இரண்டும் கடையில் விற்பனைக்கு இல்லாதவை. தரையில் சேரும் கழிவை நாள்தோறும் குழாயால் உறிஞ்சி எடுத்தால் இளம்புழு மீனின் வாயை அடையும் வாய்ப்புக் குறைகிறது. மீனின் எண்ணிக்கையைக் குறைத்தாலும் அதுவே விளைகிறது. புதிதாக வாங்கும் மீனை நேரே பழைய தொட்டியில் விடாமல் தனித்தொட்டியில் சில வாரம் வைத்து, எச்சத்தையும் ஆசனத்துளையையும் பார்த்துக்கொண்டிருந்தால் புழு உள்ளே நுழையும் முதல் வாயில் அடைபடுகிறது. குட்டையில் வலைவீசிப் பிடித்த உயிருணவோடு சைக்ளாப்ஸும் வந்துசேரும் என்பதால், அதை உறையவைத்தோ மீனில்லா நீரில் வளர்த்தோ கொடுப்பது இன்னொரு காவல். பல ஊர்ப் பண்ணை மீன்கள் ஒரே கடையின் ஒரே நீரில் சில நாள் கூடியிருந்து பிரிவது வண்ணமீன் வணிகத்தின் இயல்பு. அந்த நாட்களில் புழுக்களும் ஊர் மாறுகின்றன.

இவற்றில் ஒன்றும் உயிரைக் கொல்வதில்லை, அல்லது மிகக் குறைவாகவே கொல்கிறது என்பது கவனிக்கத்தக்கது. கொல்லாமையில் அக்கறையுடைய ஒருவர் மருந்திடலாமா என்று நெடுநேரம் வாதிடுவதைவிட, தனித்தொட்டி ஒன்று வாங்கிவைப்பது மேல். நோய் வந்தபின் எழும் அறச்சிக்கல்களில் பெரும்பகுதி, நோய் வருமுன் செய்யாமல் விட்ட சோம்பலின் விளைவு என்றுகூடச் சொல்லலாம். சமணர் கவனக்கேட்டையே இம்சையின் வேராக வைத்தது இங்கே மிகப் பொருத்தமாகிறது.

எஞ்சி நிற்பது, வெளிவந்த புழுவை என்ன செய்வது என்ற சிக்கல். சமண இல்லங்களில் நீரைத் துணியால் வடிகட்டியே பயன்படுத்துவர். துணியில் தங்கிய சிற்றுயிர்களை உலரவிடாமல், அந்நீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்ததோ அந்தக் கிணற்றிலேயே மெல்லச் சேர்ப்பது நோன்பின் ஒரு பகுதி. பௌத்தத் துறவியின் எட்டு உடைமைகளில் நீர் வடிகட்டியும் ஒன்று. நரம்புச் சிலந்தி என்று தமிழில் வழங்கிய கினிப்புழுவும் சைக்ளாப்ஸின் வழியாகவே மனிதனை அடைந்தது. குடிநீரைத் துணியால் வடிகட்டுமாறு மக்களைப் பழக்கியதே அதை ஒழித்த வழிகளுள் முதன்மையானது, 2000இல் இந்தியா அந்நோயற்ற நாடென்று சான்றளிக்கப்பட்டது. சைக்ளாப்ஸின் உயிரைக் காக்க எழுந்த ஒரு நோன்பும், மனிதனைக் காக்க எழுந்த பொதுநலத் திட்டமும் ஒரே துணியைப் பிடித்துக்கொண்டு நின்றது அறவரலாற்றில் அரிதாக நேரும் இணக்கம்.

மீன்தொட்டியில் அந்த இணக்கம் கிடைப்பதில்லை. லெவமிசோலால் விறைத்து வெளிவரும் புழுக்களில் பல உயிரோடுதான் இருக்கும். பெண்புழுவின் உடலுக்குள் ஈனப்படாத இளம்புழுக்கள் நிறைந்திருக்கும். எடுத்த நீரிலேயே திருப்பிச் சேர்ப்பது என்ற விதியைப் பின்பற்றினால் தொட்டி மீண்டும் நோயுறும். அருகிலுள்ள குளத்திலோ ஓடையிலோ விட்டால் விளைவு என்னவாகும் என்பதை ஹவாய்த் தீவுகள் காட்டியிருக்கின்றன: அங்கே வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட கப்பி முதலிய மீன்களோடு இப்புழுவும் சென்றதாக ஒட்டுண்ணியியலார் கொள்கின்றனர், இன்று அத்தீவுகளின் ஓடைகளுக்கே உரிய கோபி மீன்களின் குடலில் அது காணப்படுகிறது. ஆகவே உறிஞ்சியெடுத்த கழிவுநீரை வாளியில் சேர்த்து, கொதிநீரோ பிளீச்சிங் பவுடரோ கலந்து, அதிலுள்ளவை செத்தன என்பது உறுதியான பின்பே வெளியே ஊற்ற வேண்டியிருக்கிறது. மருந்து வெளியேற்றியது மட்டுமே என்று சொல்லிக்கொண்டவருக்கு இந்த வாளியின் முன் அந்தச் சொல் உதவாது. இங்கே உயிர் இருப்பது தெரியும், அது உயிரென்ற அறிவு உண்டு, கொல்லும் எண்ணமும் முயற்சியும் உண்டு, விநய உரையின் ஐந்து உறுப்புகளும் ஒன்றுவிடாமல் நிறைவேறுகின்றன.